எதிராளியோட ஆயுதத்தையே பிடுங்கின ராத்திரிகள்

போன வாரம் சித்தி பையன் வீட்டுக்கு வந்திருந்தான், சாப்பிட்டு முடிச்சு மொட்டைமாடில உக்காந்து பேசிட்டு இருந்தப்ப பாக்ஸிங் பத்தி பேச்சு வந்துச்சு. அவன் போன்ல ஒரு வீடியோ காட்டுனான், பாக்ஸர்களோட வாழ்நாள் சிறந்த ஆட்டங்கள்னு சொல்லி வரிசையா நாக் அவுட்டா ஓடுது. ஒருத்தன் விழுறான், அடுத்தவன் விழுறான், இன்னொருத்தன் கயித்துக்கு வெளிய போய் விழுறான். எனக்கு மனசு ஒப்பவே இல்ல. தம்பி, இது நல்ல அடிகளோட வரிசைடா, நல்ல ஆட்டங்களோட வரிசை இல்லன்னு சொன்னேன். அப்போ எதுண்ணா நல்ல ஆட்டம்னு கேட்டான், ராத்திரி ஒரு மணி வரைக்கும் பேசியும் முழுசா சொல்லி முடிக்க முடியல, அதான் இங்க எழுதிடலாம்னு உக்காந்தேன்.

எனக்கு இந்த விளையாட்டு மேல பைத்தியம் வந்ததுக்குக் காரணம் எங்க பெரிய மாமா. 1980ல முகமது அலி மெட்ராசுக்கு வந்தாரு, நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சி ஆட்டம் ஆடுனாரு, எம்ஜிஆர் அப்போ முதலமைச்சர், அவரும் அலியும் சேந்து நிக்கிற போட்டோவ நீங்களும் பாத்திருப்பீங்க. மாமா அன்னிக்கு கேலரில இருந்தாரு. அலி அப்ப ரிட்டையர் ஆகி உடம்பு கொஞ்சம் போட்டிருந்த நேரம், ஆனாலும் அந்த கால் நகர்ற அழகப் பத்தி மாமா சாகுற வரைக்கும் பேசிட்டே இருந்தாரு. அவர்கிட்ட இருந்து நான் கத்துக்கிட்டது ஒன்னுதான், ரிங்க பாக்கும்போது கையப் பாக்காத, கால பாரு.

சரி, அலியில இருந்தே ஆரம்பிக்கிறேன். அலியோட உச்சம் எதுன்னு கேட்டா நிறைய பேரு 1966 நவம்பர்ல ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம்ல கிளீவ்லாண்ட் வில்லியம்ஸ மூணே ரவுண்டுல முடிச்சத சொல்லுவாங்க. பாக்க அது அவ்வளவு அழகு, அதுல சந்தேகமே இல்ல, வேகம், தூரம், கால மாத்தி மாத்தி நகர்த்துற அந்த ஷஃபிள், எல்லாமே இருக்கு. ஆனா வில்லியம்ஸ் யாருன்னு தெரிஞ்சுக்கிட்ட பிறகு என்னால அத அந்த இடத்துல வெக்க முடியல. அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடி 1964ல டெக்சாஸ் போலீஸ்காரர் ஒருத்தர் அவர வயித்துல சுட்டுட்டாரு, ஒரு கிட்னி போச்சு, வரிசையா ஆபரேஷன், பல மாசம் எழுந்து நடக்கவே கஷ்டப்பட்ட மனுஷன். அந்த உடம்போட ரிங்ல நின்னவர் முன்னாடி எவ்வளவு அழகா ஆடினாலும் என் கண்ணுக்கு அது முழுசா தெரியல.

என் கணக்கு இதுதான். எதிர்ல நிக்கிறவன் நல்ல நிலைமையில இருக்கணும், அவன்கிட்ட எல்லாரும் பயப்படுற ஒரு ஆயுதம் இருக்கணும், அந்த ஆயுதத்தையே அவன் கையில இருந்து பிடுங்கி, இனி என்ன பண்றதுன்னு தெரியாம அவன நிக்க வெக்கணும். நாக் அவுட் ஆச்சா இல்லையாங்கறது அதுக்கு அப்புறம்.

அப்படி பாத்தா அலிக்கு 1974 அக்டோபர் 30, ஆப்பிரிக்காவுல கின்ஷாசா தான். எதிர்ல நின்ன சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேன் அப்ப 40 ஆட்டம் ஆடி 40ம் ஜெயிச்சவரு, அதுல 37 நாக் அவுட், ஃப்ரேசியரையும் நார்ட்டனையும் ரெண்டு ரெண்டு ரவுண்டுல முடிச்சவரு, வயசு 25. அலிக்கு 32. முதல் ரவுண்ட திரும்ப ஓட விட்டு பாருங்க, அலி முன் கையால குத்துற ஜாபே போடாம நேரா பின்னாடி இருக்கிற ரைட் ஹேண்டால ஆரம்பிக்கிறாரு, அது ஒரு பெரிய சாம்பியன அவமானப்படுத்துற மாதிரி, ஏன்னா ரைட் ஹேண்ட் வர்ற தூரம் அதிகம், அத பாத்துத் தடுக்க நேரம் இருக்கு, அப்படியும் உன்னால தடுக்க முடியலைனு முகத்துல அறைஞ்சு சொல்ற மாதிரி. ரெண்டாவது ரவுண்டுல இருந்து கயித்துல சாஞ்சு நின்னு ஃபோர்மேனோட பலத்த அவரே செலவழிக்க வெச்சாரு. எட்டாவது ரவுண்டு முடிய ரெண்டே செகண்ட் இருக்கறப்போ ஃபோர்மேன் கீழ. இதப்பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, அதனால இதோட விடுறேன்.

எனக்கு எல்லாத்துக்கும் மேல இருக்கறது வேற ஒன்னு. 2001 செப்டம்பர் 29, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன், பெர்னார்ட் ஹாப்கின்ஸும் ஃபெலிக்ஸ் டிரினிடாடும் மோதுனது.

ஹாப்கின்ஸ் கதைய கொஞ்சம் சொல்லணும். பிலடெல்பியாக்காரர், 17 வயசுல ஜெயிலுக்குப் போனவரு, கிரேட்டர்ஃபோர்ட் ஜெயில்ல கிட்டத்தட்ட அஞ்சு வருஷம், அங்கதான் பாக்ஸிங்கே பிடிச்சது. 1988ல வெளிய வந்தாரு, அந்த வருஷமே அட்லாண்டிக் சிட்டில முதல் புரொஃபஷனல் ஆட்டம், அதுல தோல்வி. முதல் ஆட்டத்துலயே தோத்தவனுக்கு யாரு காசு போடுவா? அப்புறம் 1993ல ராய் ஜோன்ஸ்கிட்ட தோல்வி. அதுக்கப்புறம் சாம்பியன் பெல்ட் வாங்குனாரு, வருஷக்கணக்கா காப்பாத்திட்டே இருந்தாரு, ஆனா டிக்கெட் விக்கிற பேரு இல்ல. ஆட்டம் நடத்துற புரமோட்டர்களோட எப்பவும் சண்டை. 36 வயசாயிடுச்சு. மிடில்வெயிட்ங்கற எடைப் பிரிவுல இருந்த பெல்ட்டெல்லாம் ஒருத்தர்கிட்டயே சேர புரமோட்டர் டான் கிங் ஒரு டோர்னமென்ட் நடத்துனாரு, அத நடத்துனதே டிரினிடாட ராஜாவாக்கத்தான்னு ஊரே நம்புச்சு, ஹாப்கின்ஸ் அதுல கடைசி படிக்கட்டு மாதிரி.

டிரினிடாட் அப்ப எப்படின்னா, 28 வயசு, 40 ஆட்டத்துல ஒரு தோல்வி கூட இல்ல, அவரோட மண்ணு போர்ட்டோ ரிக்கோவே அவர் பின்னாடி. விட்டேக்கர ஜெயிச்சாச்சு, டி லா ஹோயாவ ஜெயிச்சாச்சு, 2000 டிசம்பர்ல ஃபெர்னாண்டோ வர்காஸ 12வது ரவுண்டுல முடிச்சாச்சு, 2001 மே மாசம் மிடில்வெயிட்டுக்கு ஏறி வில்லியம் ஜாப்பிய அஞ்சு ரவுண்டுல முடிச்சாச்சு. இடது கைய வளைச்சு பக்கவாட்டுல அடிக்கிற அந்த லெஃப்ட் ஹூக் இருக்கே, அது வெயிட் ஏற ஏற குறையவே இல்ல.

ஆட்டத்துக்கு முன்னாடி ஊர் ஊரா போய் பேட்டி குடுக்கிற பயணத்துல ஹாப்கின்ஸ் போர்ட்டோ ரிக்கோ கொடிய வாங்கி கீழ எறிஞ்சாரு, நியூயார்க்ல ஒரு தடவை, அப்புறம் போர்ட்டோ ரிக்கோ தலைநகர் சான் ஹுவான்லயே போய் இன்னொரு தடவை. அங்க கூட்டம் பொங்கி எழுந்து, உயிரக் கைல பிடிச்சுட்டு ஓட வேண்டியதாயிடுச்சு. ஒரு மண்ணோட கொடிய அப்படி பண்ணது தப்பு, எனக்கு இன்னிக்கும் அதுல உடன்பாடு இல்ல. ஆனா எதிராளி கோபத்தோட வந்தா காலை ஊனிக்கிட்டு ஹூக் மட்டுமே அடிக்க வருவாங்கற கணக்கும் அதுக்குள்ள இருந்துச்சுன்னுதான் எனக்கு தோணுது. கூடவே தன் மேலயே 1 லட்சம் டாலர் பந்தயம் கட்டுனாரு.

ஆட்டம் நடக்க வேண்டியது செப்டம்பர் 15. நாலு நாள் முன்னாடி செப்டம்பர் 11. ரெட்டைக் கோபுரம் விழுந்துச்சு, ஊரே புகை, ஃப்ளைட் இல்ல, ஆட்டம் ரெண்டு வாரம் தள்ளிப் போச்சு. ஒரு பாக்ஸர் எட்டு வாரம் உடம்ப ஒரே ஒரு தேதிக்காக தயார் பண்ணுவான், வெயிட்ட இறக்கி, சாப்பாட்ட அளந்து, அந்த தேதி நகர்ந்தா உடம்பு மட்டுமில்ல மனசும் நகர்ந்துடும். ரெண்டு பேருக்கும் அதே நிலைமைதான். அந்த ஊர்ல அந்த மாசத்துல ஆட்டம் பாக்க வந்த ஜனங்க மனசுல என்ன இருந்திருக்கும்னு யோசிச்சா இப்பவும் தொண்டை அடைக்குது.

அன்னிக்கு டிரெஸ்ஸிங் ரூம்ல இன்னொரு விஷயம் நடந்துச்சு. எதிராளி கைக்கு துணி சுத்துறத இந்தப் பக்கத்து ஆள் ஒருத்தர் நின்னு பாக்கிறது வழக்கம், ஹாப்கின்ஸ் சார்பா போனவரு நாசிம் ரிச்சர்ட்சன். டேப் ஒட்டியிருந்த விதம் அவருக்கு சரியா படல, விடாப்பிடியா நின்னாரு, அவுத்துட்டு திரும்ப சுத்த வேண்டியதாயிடுச்சு. இதே ரிச்சர்ட்சன்தான் 2009ல மார்கரிட்டோங்கற பாக்ஸரோட கைத்துணில கெட்டியான திட்டு இருந்தத கண்டுபிடிச்சவரு. ரிங்குக்கு வெளிய இருக்கிற ஒருத்தரோட கண்ணு எவ்வளவு முக்கியம்னு அவரப் பாத்துதான் எனக்குப் புரிஞ்சுது.

இப்ப ஆட்டத்துக்கு வரேன். கால பாருங்க. டிரினிடாட் ஹூக் அடிக்கணும்னா ரெண்டு காலும் தரையில ஊனணும், நேர்கோட்டுல முன்னாடி வரணும், எதிராளி அவர் முன்னாடி ஒரு அரை செகண்ட் நிக்கணும். ஹாப்கின்ஸ் அந்த அரை செகண்ட குடுக்கவே இல்ல. ஒரு ஜாப், ஒரு அடி பக்கவாட்டுல நகர்வு. டிரினிடாட் திரும்பி கால சரி பண்றதுக்குள்ள இன்னொரு ஜாப். வலப்பக்கம் போவாருன்னு நினைச்சா இடப்பக்கம். கிட்ட வந்தா கட்டிப்பிடிச்சு தோளால முட்டி வெயிட்ட அவர் மேல போட்டுடுவாரு. எப்பயாவது டிரினிடாட் ஹூக்குக்கு தோள கொஞ்சம் பின்னாடி இழுத்தா, அந்த இடைவெளிக்குள்ள நேரா ஒரு ரைட் ஹேண்ட். நாலு ரவுண்டு இப்படியே. கூட்டம் டீட்டோ டீட்டோன்னு டிரினிடாடோட செல்லப் பேர கத்திட்டே இருக்கு, ஆனா சத்தத்துல ஒரு சந்தேகம் ஏறிட்டே வருது, கேட்டா உங்களுக்கே தெரியும்.

நடுவுல டிரினிடாட் கொஞ்சம் ஏறி வந்தாரு, ரெண்டு மூணு நல்ல அடி பட்டுச்சு. அங்கதான் ஹாப்கின்ஸ் எனக்கு ரொம்ப பிடிச்ச வேலைய பண்றாரு, பின்வாங்கல, அதுவரைக்கும் விலகிப் போய்ட்டு இருந்தவரு இப்ப கிட்ட நின்னு பதிலுக்கு அடிக்க ஆரம்பிச்சாரு. தூரத்துல நின்னா ஜாப், கிட்ட வந்தா கீழ இருந்து மேல குத்துற அப்பர்கட்டு, பிடிச்சா முரட்டு மல்லுக்கட்டு. எந்தக் கதவத் தட்டுனாலும் உள்ள ஆள் இருக்கான்.

பத்தாவது ரவுண்டு கடைசில டிரினிடாட் தள்ளாடிட்டார். பெல் அடிச்சு அவர் கார்னருக்குப் போற நடைய பாருங்க, 40 ஆட்டத்துல அவர் அப்படி நடந்து நான் பாத்ததே இல்ல. பதினொன்னுலயும் அதே கதை. ஜட்ஜுங்க பாயின்ட் கார்டுல ஹாப்கின்ஸ் எவ்வளவோ முன்னாடி, பன்னெண்டாவது ரவுண்டுல சும்மா சுத்தி வந்தாலே போதும், 36 வயசுல மூச்ச காப்பாத்திட்டு கைய தூக்கிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனா அவர் அடிக்கப் போனாரு. ஒரு முழு ரைட் ஹேண்ட், டிரினிடாட் மல்லாக்க விழுந்தாரு. எழுந்துட்டாரு, அந்த மனுஷனோட நெஞ்சுரம் அப்படி, ஆனா அதுக்குள்ள அவரோட அப்பா, அவர்தான் டிரெய்னரும், ரிங்குக்குள்ள ஏறி வந்துட்டாரு. ரெஃப்ரீ ஸ்டீவ் ஸ்மோகர் நிறுத்துனப்ப 1 நிமிஷம் 18 செகண்ட். ஒரு அப்பா பையன போதும்னு பிடிச்சு அணைக்கிற அந்த இடத்துல நான் ஒவ்வொரு தடவையும் வீடியோவ நிறுத்திடுவேன்.

1987ல மார்வின் ஹேக்லர் பட்டத்த இழந்ததுக்கு அப்புறம் மிடில்வெயிட்ல எல்லாருக்கும் பொதுவா ஒரே சாம்பியன்னு வந்தது அன்னிக்குத்தான். பட்டத்த 14 தடவை காப்பாத்துன கார்லோஸ் மோன்சோனோட கணக்கையும் அதே ராத்திரி தொட்டுட்டாரு. அப்புறம் 46 வயசுல, 2011ல, மாண்ட்ரியால்ல ஜீன் பாஸ்கல ஜெயிச்சு ரொம்ப வயசான சாம்பியன்ங்கற ஃபோர்மேனோட ரெக்கார்டையும் உடைச்சாரு, ரவுண்டுக்கு நடுவுல தண்டால் எடுத்துக் காட்டுனாரு. அதெல்லாம் பெருசுதான், ஆனா எனக்கு அந்த ஒரு ராத்திரி போதும்.

இதுக்கு சித்தி பையன் கேட்ட கேள்வி நியாயமானது. அண்ணா நீ பழசையே பேசுற, 2023 ஜூலைல டெரன்ஸ் கிராஃபோர்ட் எர்ரல் ஸ்பென்ஸ பண்ணது என்ன? ஒத்துக்குறேன், அது என் கணக்குல சரியா உக்காருது. ஸ்பென்ஸ் 28 ஆட்டம் தோக்காதவரு, அவரோட ஜாப்தான் அவருக்கு எல்லாமே, அத வெச்சுதான் எதிராளிய பின்னாடி தள்ளிட்டு உடம்புல அடிப்பாரு. கிராஃபோர்ட் அந்த ஜாப்பையே அவர்கிட்ட இருந்து வாங்கிட்டாரு. ரெண்டாவது ரவுண்டுல ஒரு தடவை, ஏழாவதுல ரெண்டு தடவை கீழ, ஒன்பதாவதுல ஆட்டமே முடிஞ்சுது. ஒரு காலத்துல ரெண்டு பேருக்கும் சரிசமமான ஆட்டம்னு பேசினவங்க எல்லாம் வாயடைச்சுப் போனாங்க. அவன் சொன்னது சரிதான்.

டுரான சொல்லாம விட்டா எனக்கு தூக்கம் வராது. 1989 பிப்ரவரி 24, அட்லாண்டிக் சிட்டி, வெளிய பனி கொட்டுது. ராபர்ட்டோ டுரானுக்கு 37 வயசு. 1972ல லைட்வெயிட் சாம்பியன் ஆன மனுஷன், அதாவது 61 கிலோ. 1980 நவம்பர்ல சுகர் ரே லெனார்ட்கிட்ட ஆட்டத்த பாதில விட்டுட்டு நடந்ததுக்கு ஊரே காறித் துப்புச்சு, 1984ல தாமஸ் ஹேர்ன்ஸ் ரெண்டே ரவுண்டுல மூஞ்சி குப்புற விழ வெச்சாரு. அந்த ஹேர்ன்ஸ 1988ல மூணு ரவுண்டுல முடிச்சவர்தான் ஐரன் பார்க்லி, பிரான்க்ஸ்காரர், டுரான விட அரை அடி உயரம், ஒம்போது வயசு சின்னவரு. கணக்கு பாத்தா டுரான் ஒரு ரவுண்டு தாங்குனாலே அதிசயம்.

ஆனா பாருங்க, உயரமான ஆளோட பலமே தூரம்தான், அந்த தூரத்த டுரான் வெச்சுக்கவே விடல, அவர் நெஞ்சுக்குக் கீழயே குடித்தனம் பண்ணாரு. அடி வரும்போது தலைய ஒரு அங்குலம் திருப்பி அடிய வழுக்க விட்டுடுவாரு, அடி பட்ட மாதிரி இருக்கும், பட்டிருக்காது. பக்கத்துலயே நின்னுட்டு பட்டும் படாம இருக்கிறது எவ்வளவு கஷ்டம்னு கையில கிளவுஸ் போட்டு ஒருதடவை நின்னவங்களுக்குத் தெரியும். எட்டாவது ரவுண்டுல பார்க்லியோட லெஃப்ட் ஹூக் ஒன்னு பட்டு டுரான் அப்படியே சுத்திட்டாரு, சரி முடிஞ்சுதுன்னு நினைப்போம், முடியல. பதினொன்னாவதுல வரிசையா நாலஞ்சு அடி, பார்க்லி கீழ. மூணு ஜட்ஜுல ரெண்டு பேர் அவர் பக்கம் நின்ன பிளவு முடிவுல டுரானுக்கு நாலாவது வெயிட்ல பெல்ட். நான் இதப் பாக்கும்போதெல்லாம் என் வயசான அப்பா கடைசி வரைக்கும் சைக்கிள் ஓட்டுனது ஞாபகம் வரும், ஏன்னு தெரியல.

சால்வடோர் சான்செஸ் பத்தி தனியா ஒரு பதிவு எழுதணும். 1981 ஆகஸ்ட்ல வில்ஃப்ரெடோ கோமஸ், அதுவரைக்கும் ஜெயிச்ச 32 ஆட்டமும் நாக் அவுட், அந்த ஆள 22 வயசுல சான்செஸ் முதல் நிமிஷத்துலயே கீழ போட்டு எட்டாவது ரவுண்டுல முடிச்சாரு. அடுத்த வருஷம் ஆகஸ்ட்ல கார் விபத்துல போயிட்டாரு, 23 வயசு. அதுக்கு மேல எழுத இப்ப கை வரல.

கடைசியா, எனக்கு இன்னிக்கும் ஆறாத ஒன்னு. 1993 செப்டம்பர் 10, சான் அன்டோனியோ அலமோடோம். பெர்னெல் விட்டேக்கரும் ஜூலியோ சீசர் சாவேஸும் மோதுனாங்க. சாவேஸ் 87 ஆட்டம், 87 ஜெயிப்பு. அந்த நம்பர ஒரு தடவை நிறுத்திப் படிங்க. டெக்சாஸ்ல நிரம்பி வழியிற மெக்சிகோ ரசிகர் கூட்டம். சாவேஸோட ஆயுதம் என்னன்னா விடாம முன்னாடி வந்து, எதிராளிய மூலையில அடைச்சு, கல்லீரல் மேல லெஃப்ட் ஹூக்க இறக்கறது, அத வாங்குனவங்க நாலஞ்சு ரவுண்டுல மூச்சு விட முடியாம உக்காந்துடுவாங்க.

விட்டேக்கர் இடக்கைக்காரர், பிடிக்கவே முடியாத ஆளுன்னு பேரு, எல்லாரும் அவர் ஓடுவாருன்னுதான் நினைச்சாங்க. முதல் சில ரவுண்டு அப்படித்தான் போச்சு. அதுக்கப்புறம் அவர் ஓடல. சாவேஸோட வீட்டுக்குள்ளயே போய் உக்காந்துட்டாரு. முழங்கால மடக்கி சாவேஸ விட குள்ளமா மாறி, ரைட் ஜாப்ப கீழ இருந்து மேல குத்தி, சாவேஸ் எந்த உடம்புல அடிக்கணும்னு வந்தாரோ அந்த உடம்பு அங்க இல்லாம, பதிலுக்கு அவர் உடம்புல இவர் அடிச்சாரு. கடைசி ரவுண்டுகள்ல சாவேஸ் முகத்துல ஒரு குழப்பம் தெரியும், வலி இல்ல அது, குழப்பம். 87 ஆட்டத்துலயும் வேலை செஞ்ச சாவி இந்தப் பூட்டுல திரும்பவே மாட்டேங்குது.

முடிவு சொன்னாங்க. ரெண்டு ஜட்ஜ் 115க்கு 115, ஒருத்தர் மட்டும் 115க்கு 113 விட்டேக்கருக்கு. டிரா. இதே விட்டேக்கருக்கு 1988ல பாரிஸ் பக்கத்துல ஜோஸ் லூயிஸ் ரமிரெஸ் கூட ஆடும்போதும் இப்படித்தான் அநியாயம் நடந்துச்சு. விட்டேக்கர் 2019ல வர்ஜீனியா பீச்ல ரோட்டைக் கடக்கும்போது கார் மோதி செத்துப் போனாரு, 55 வயசு, ரெக்கார்டுல இன்னும் அந்த ஆட்டம் டிரான்னுதான் இருக்கு.

நான் இத மூணு தடவை பேப்பர்ல பாயின்ட் போட்டு பாத்துட்டேன், சந்தேகமான ரவுண்ட எல்லாம் சாவேஸுக்கே குடுத்துப் பாத்தும் அவருக்கு நாலு ரவுண்டுக்கு மேல என்னால தர முடியல. வர்ற சனிக்கிழமை சித்தி பையன் திரும்ப வரேன்னு சொல்லியிருக்கான். அவன் கையிலயும் ஒரு பேனாவும் பேப்பரும் குடுத்து, சவுண்ட மியூட்ல போட்டுட்டு, முதல் ரவுண்டுல இருந்து போடப் போறேன்.